33,000 ரூபாய் கூடுதல் சம்பளத்துக்குச் சென்னையை விட்டு பெங்களூரு போகலாமா?

கேட்டவரின் நிலவரம் இது. வயது 35. நங்கநல்லூரில் 19,000 ரூபாய் வாடகையில் டூ பெட்ரூம் வீடு, வேலை கிண்டியில். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது 82,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 22,000. ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. அப்பா அம்மா குரோம்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். இப்போது பெங்களூரு பெல்லந்தூர் பக்கம் ஒரு நிறுவனம், கைக்கு 1,15,000 வரும்படி ஆஃபர் கொடுத்திருக்கிறது. செலவு எங்கே குறைவு, வாழ்க்கை எங்கே நன்றாக இருக்கும், போகலாமா என்பது கேள்வி.

குடும்பத்தோடு போவதாக இருந்தால் இந்தத் தொகைக்குப் போகாதீர்கள். 1,40,000-ஐத் தொட்டால் யோசிக்கலாம். தனியாகப் போவதாக இருந்தால் கணக்கே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இரண்டு ஊரிலும் வாடகை வீட்டில் குடும்பம் நடத்தியும் இருக்கிறேன். ஊர் மாறுகிறவர்கள் முதலில் கேட்பது அரிசி என்ன விலை, காய்கறி என்ன விலை என்றுதான். அது வீண் கவலை. கோயம்பேட்டில் இறங்கும் தக்காளியில் கணிசமானது கோலார் பக்கத்துச் சரக்கு. பெங்களூரு சந்தைக்கு ஒசூர், கிருஷ்ணகிரியிலிருந்து காய்கறி போகிறது. லாரி வாடகை வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் மாதத்துக்குச் சில நூறு ரூபாய் இப்படியும் அப்படியும் ஆடும், அவ்வளவுதான். பாலில் ஒருகாலத்தில் கர்நாடகத்தின் நந்தினிதான் மலிவு என்று பெயர். 2025 ஏப்ரலில் லிட்டருக்கு ஒரேயடியாக 4 ரூபாய் ஏற்றியதும் அந்தப் பெயர் போய்விட்டது. ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாயிலேயே நிற்கிறது. பெட்ரோல் இரண்டு ஊரிலும் நூறுக்கு மேல். வெளியே சாப்பிடுவதில் பெங்களூரு தர்ஷினிகள் நின்றபடி சாப்பிடுகிறவனுக்கு நியாயமான விலையில் நல்ல டிபன் தருகின்றன. சென்னையில் அதே வேலையைத் தெருமுனை டிபன் கடையும் கையேந்தி பவனும் செய்கின்றன. இன்னும் கீழே போனால் இங்கே 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், அங்கே 2017-ல் தொடங்கிய இந்திரா கேன்டீனில் காலை டிபன் 5 ரூபாய் என்றுதான் ஆரம்பித்தார்கள். உங்கள் வருமானத்தில் இந்த வரிசையில் நிற்கப்போவதில்லை என்பதால் அடுத்ததற்குப் போகிறேன்.

இணையத்தில் "இந்த ஊர் அந்த ஊரைவிட இத்தனை சதவீதம் மலிவு" என்று போடுகிறார்களே, அதை நம்பி யாரும் மூட்டை கட்ட வேண்டாம். பணக்காரர்களின் போட் கிளப் சாலையையும் நடுத்தரக் குடும்பங்களின் பெரம்பூரையும் கூட்டி வகுத்தால் வருவது சென்னை அல்ல. உங்கள் ஆபீஸ் எங்கே, வீடு எங்கே, அந்தத் தெருவில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உங்களுக்கு ஒரு அவசரம் என்றால் யார் ஓடிவருவார்கள் என்பதில்தான் செலவு ஒளிந்திருக்கிறது.

வாடகையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கூடுதல் சம்பளத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். பெல்லந்தூர், காசவனஹள்ளி, சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு சுமாரான அபார்ட்மெண்டில் டூ பெட்ரூம் 38,000-க்குக் கிடைத்தால் நல்ல விலை. அதன்மேல் மெயின்டனன்ஸ் தனியாக 4,500 என்று வையுங்கள். இந்தப் பணம் வீட்டின் தரத்துக்காக வாங்குவது இல்லை. உங்கள் நங்கநல்லூர் வீட்டைவிட அது பெரிதாக இருக்காது, காற்றோட்டமும் பெரும்பாலும் குறைவுதான். பெல்லந்தூர் வழியாகப் போகும் அவுட்டர் ரிங் ரோட்டில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் அந்தச் சாலையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிறார்கள். தூரப் போனால் வாடகை இறங்கும், ஆனால் அந்தச் சாலையில் போக வர ஆகும் நேரம் ஏறும். வீட்டுக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

டெபாசிட் அடுத்த இடி. பெங்களூருவில் பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். இப்போது பெரிய அபார்ட்மெண்ட்களில் ஐந்து, ஆறு மாதமாக இறங்கியிருக்கிறது. ஐந்து மாதம் என்றாலே 1,90,000 ரூபாய் வட்டியில்லாமல் அடுத்தவர் கணக்கில் உட்காரும். காலி செய்யும்போது "பெயிண்டிங் சார்ஜ்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே எழுதப்பட்ட சட்டம் போலவே நடக்கிறது, பல அக்ரிமெண்ட்களில் எழுதியே இருக்கும். நான் அங்கே காலி செய்தபோது சுவரில் ஒரு கீறல் இல்லை, ஆணிகூட அடிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருந்தீங்க சார், ஆனா பெயிண்டிங் பெயிண்டிங்தான்" என்றார் வீட்டுக்காரர். சென்னையிலும் அட்வான்ஸ் விஷயத்தில் யாரும் உத்தமர்கள் இல்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் சொல்கிறது, ஆறு மாதம் கேட்பவர்களையும் பார்க்கிறோம். ஆனாலும் 19,000-க்கு ஆறு மாதம் வேறு, 38,000-க்கு ஐந்து மாதம் வேறு.

உங்களிடம் இப்போது இருக்கிற இன்னொரு சொத்து கணக்கில் வராமலே இருக்கிறது. பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் பரங்கிமலை, அதற்கடுத்தது கிண்டி. டிக்கெட் 5 ரூபாய். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் போனாலே 10 ரூபாய்தான். இந்தத் தடம் 1931-லேயே மின்மயமானது. சென்னையின் தெற்குப் பகுதி முழுக்க இந்த ஒரு தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. குரோம்பேட்டையில் சொந்த வீடு, பாரிமுனையில் வேலை என்று ஒரு தலைமுறையே ஓய்வு பெற்றிருக்கிறது. மழை வெள்ளத்தில் நிற்கும், கூட்டம் பிதுங்கும், எல்லாம் உண்மை. ஆனால் 10 ரூபாய்க்கு ஒரு மாநகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக முடிகிற வசதி பெங்களூருவில் இல்லை. அங்கே புறநகர் ரயில் திட்டம் கட்டுமானத்தில் இருக்கிறது.

மெட்ரோவில் பெங்களூரு முந்திக்கொண்டது. அங்கே 2011-ல் ஓட ஆரம்பித்தது, இங்கே 2015-ல். ஒயிட்ஃபீல்டுக்கு 2023-ல் முழுசாகப் போய்விட்டது, ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை போகும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது. ஆனால் உங்கள் ஆபீஸ் இருக்கும் அவுட்டர் ரிங் ரோட்டில் தூண்கள்தான் நிற்கின்றன, ரயில் இன்னும் வரவில்லை. இன்னொன்று, 2025 பிப்ரவரியில் அங்கே அதிகபட்சக் கட்டணம் 60-லிருந்து 90 ரூபாயாக ஏறியது. சென்னை மெட்ரோவில் 2021-ல் 70-லிருந்து 50-க்கு இறக்கியதோடு சரி. இங்கேயும் இரண்டாம் கட்டம், ஏறக்குறைய 119 கிலோமீட்டர், ஊரைத் தோண்டிப் போட்டிருக்கிறது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில் வேலை என்றால் உங்களுக்கு இப்படிச் சொல்லமாட்டேன். கிண்டி என்பதால் சொல்கிறேன்.

போக்குவரத்து நெரிசல் பற்றி ஒரு நேர்மையான எண். டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூருவில் 10 கிலோமீட்டர் கடக்க 34 நிமிடம் சொச்சம், சென்னையில் சுமார் 30. அதாவது சென்னையில் எல்லோரும் பறக்கிறோம் என்பது கதை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: சென்னையில் சாலையை நம்பாமல் ஆபீஸ் போக உங்களுக்கு வழி இருக்கிறது. பெல்லந்தூர்க்காரருக்கு அது இல்லை. சில்க் போர்டு சந்திப்பை வைத்து பெங்களூருக்காரர்கள் சொல்லும் ஜோக்குகள் எல்லாம் பாதி அழுகைதான்.

ஆட்டோவில் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டு அரசு கடைசியாக மீட்டர் கட்டணம் நிர்ணயித்தது 2013-ல்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கட்டணத்துக்கு வண்டி ஓடாது என்பது ஓட்டுநருக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். அதனால் மீட்டர் என்பது சென்னை ஆட்டோவில் அலங்காரப் பொருள். பெங்களூருவில் 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 18. கட்டணம் ஏறியிருக்கிறது, ஆனால் கேட்டால் மீட்டர் போடும் ஓட்டுநரை அங்கே இன்னமும் பார்க்க முடிகிறது. பஸ்ஸில் பெண்களுக்கு இரண்டு ஊரிலும் சாதாரணப் பேருந்துகளில் இலவசம், இங்கே 2021 மே முதல், அங்கே 2023 ஜூன் முதல். ஆனால் கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் ஏறி உட்கார வேண்டியதுதான். ஆதார் முகவரி மாற்றும்வரை உங்கள் மனைவி அங்கே டிக்கெட் எடுப்பார்.

தண்ணீர். இதில் இரண்டு ஊருமே ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கத் தகுதியில்லாதவை. 2019 ஜூனில் புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். குடம் வரிசை, லாரிக்கு முன்பதிவு, ஓட்டல்களில் மதியச் சாப்பாடு நிறுத்தம் எல்லாம் பார்த்தோம். அதன்பிறகு சென்னைக்குக் கடல் கைகொடுக்கிறது. மீஞ்சூர், நெம்மேலி, 2024 பிப்ரவரியில் வந்த நெம்மேலி இரண்டாவது ஆலை மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 35 கோடி லிட்டர் திறன். பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கக் காசு கொட்ட வேண்டும், சுற்றுச்சூழல் பிரச்சினையும் உண்டு. ஆனால் ஏரி வற்றினாலும் இது ஓடும்.

பெங்களூருக்குக் கடல் இல்லை. காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். அந்த மின்சாரச் செலவை யாராவது கட்டித்தானே ஆக வேண்டும். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டபோது முதலில் அடிவாங்கியது ஒயிட்ஃபீல்டு, பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடுதான், ஏனென்றால் 2007-ல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் பல பகுதிகளுக்குக் காவிரிக் குழாயே போயிருக்கவில்லை. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்தபிறகு நிலைமை மாறிவருகிறது. வீடு பார்க்கப் போகும்போது நீச்சல்குளத்தைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, "காவிரி கனெக்‌ஷன் இருக்கா, ஏப்ரல் மாசம் எத்தனை டேங்கர் வாங்கினீங்க, அந்தக் காசு மெயின்டனன்ஸ்லயே வருதா, தனியா பிரிக்கிறீங்களா" என்பதுதான். புரோக்கர் முகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது. சென்னையில் ஓ.எம்.ஆர். அபார்ட்மெண்டுக்குப் போகிறவர்களும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அளவுக்கு அதிகமான தண்ணீரும் செலவுதான். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், இரண்டிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் இழந்த ஃப்ரிட்ஜ், பீரோ, கார் எல்லாம் எந்த விலைவாசிப் பட்டியலிலும் வராது. ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவது இப்போது சென்னையின் ஐப்பசிச் சடங்கு. போலீஸ் அபராதம் போடுமா போடாதா என்று அதற்கொரு விவாதம் வேறு. பெங்களூரு மேட்டு ஊர், இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ஏரிகள் நிரம்பி அவுட்டர் ரிங் ரோடு மூழ்கி, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன படங்கள் வந்ததே, அது உங்கள் பெல்லந்தூர் பக்கம்தான். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருந்தும் ஏரியின் வழியில் வீடு கட்டினால் அதுதான் நடக்கும்.

வெயிலில் மட்டும் போட்டியே இல்லை. சென்னையில் 2003 மே 31-ல் 45 டிகிரி அடித்தது. சாதாரண அக்னி நட்சத்திரத்திலேயே நாற்பதைத் தாண்டும், வியர்வைப் பிசுபிசுப்பு தனி. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடினால் முதல் 100 யூனிட் இலவசம் போகவும் மின்கட்டணம் 4,000 ரூபாயை ஒட்டி வரும், ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் யூனிட் விலை மளமளவென்று ஏறும். வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து ஒரே விலையாக வசூலித்தால் அந்த 100 யூனிட்டும் உங்களுக்கில்லை. பெங்களூருவில் ஏ.சி. இல்லாமலே காலம் தள்ளலாம். மாதம் 200 யூனிட் வரை, முந்தைய பயன்பாட்டுச் சராசரியை வைத்து, கிருஹ ஜோதி திட்டத்தில் கட்டணமில்லை. வாடகைதாரரும் பதிவு செய்துகொள்ளலாம். வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் வரும் காற்றுக்கு விலை போட முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஜூலையில் கப்பன் பார்க்கில் காலையில் நடந்தவனுக்குச் சென்னை ஜூலை தண்டனைதான். பதிலுக்கு நம்மிடம் பெசன்ட் நகர் கடற்கரை இருக்கிறது, மார்கழியில் சபாக்களின் இலவசக் கச்சேரிகள் இருக்கின்றன, ஜனவரியில் புத்தகக் காட்சி இருக்கிறது. இதில் எது வேண்டும் என்பது உங்கள் ருசி.

வரியில் ஒரு சின்னக் கிளைக்கதை. வெகுகாலமாக வருமான வரி விதிகளில் வீட்டு வாடகைப் படிக்கு 50 சதவீதச் சலுகை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்குக்குத்தான் இருந்துவந்தது. சென்னையைவிட இரண்டு மடங்கு வாடகை கொடுக்கும் பெங்களூருவாசிக்கு 40. சம்பளக் கணக்கு மேசையில் இதை விளக்கிச் சொல்லி நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது என்பதால் சண்டை குறைந்துவிட்டது. தொழில் வரி இரண்டு இடத்திலும் உங்கள் சம்பளத்துக்கு வருடம் 2,500. இங்கே அரையாண்டுக்கு ஒருமுறை 1,250 பிடிப்பார்கள், அங்கே மாதாமாதம். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை எடுத்துப்போனால் 12 மாதத்துக்குமேல் அங்கே ஓட்டக் கர்நாடக ஆயுள் வரி கட்ட வேண்டும், அது லேசான தொகை இல்லை.

இப்போது உங்கள் கணக்கு. வருமானம் 33,000 கூடுகிறது. வீட்டுக்கு இங்கே மெயின்டனன்ஸோடு 20,000, அங்கே 42,500, வித்தியாசம் 22,500. பள்ளிக் கட்டணமும் வேனும் அந்தப் பக்கம் மாதம் 5,000-ஆவது கூடும், சேர்க்கைக் கட்டணம் தனி. அப்பா அம்மாவைப் பார்க்க மூன்று பேர் மாதம் ஒருமுறை வந்துபோக 3,500. ஆபீஸ் போக வர 2,000 கூடுதல். மின்சாரத்தில் 1,000 மிச்சம். ஆக மொத்தம் 32,000 செலவு கூடுகிறது. கையில் நிற்பது ஆயிரம் ரூபாய். இதில் உங்கள் மனைவியின் 22,000-ஐ நான் தொடவே இல்லை. கல்வியாண்டின் நடுவில் போனால் அவருக்கு அடுத்த ஜூன் வரை வேலை கிடைப்பது கஷ்டம். அப்படியானால் மாதம் 21,000 துண்டு விழும். சம்பளம் ஏறியும் கடன் வாங்குகிற நிலை இதுதான், இப்படிப் போய்விட்டு கிரெடிட் கார்டோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகள் விஷயம் பணத்தைவிட நுட்பமானது. கர்நாடகத்தில் 2015-ல் வந்த சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடமாக உண்டு, இங்கே 2006 சட்டப்படி தமிழ் இருப்பதுபோல. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, அந்த ஊரில் வாழ்கிறவர்கள் அந்த ஊர் மொழியைப் படிக்கத்தான் வேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்ளும், பெற்றோர்தான் வீட்டுப்பாடம் சொல்லித்தரத் திணறுவார்கள். ஆனால் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கும் தமிழ், வீட்டில் யாரும் உட்கார்ந்து சொல்லித்தராவிட்டால் அப்படியே நின்றுவிடும். பேசுவாள், படிக்கமாட்டாள். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள், அல்சூர் ஏரியோரம் 18 வருடம் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையும் 2009-ல் திறந்தாயிற்று, பதிலுக்கு இங்கே அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை வைத்தார்கள். தமிழ் மட்டும் வைத்துக்கொண்டே அங்கே சமாளிக்கலாம். ஆனாலும் கன்னடத்தில் நாலு வாக்கியம் பேசத் தொடங்கியபிறகுதான் காய்கறிக்காரரும் வாட்ச்மேனும் என்னை அந்த ஊர் ஆளாக நடத்தினார்கள்.

அப்பா அம்மா குரோம்பேட்டையில் இருக்கிறார்கள் என்று கேள்வியில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் அதைத்தான் முதலில் வைப்பேன். உங்கள் மனைவி வேலைக்குப் போக முடிவதே, மாலையில் பள்ளி விட்டதும் பாட்டி வீடு இருப்பதால்தானே? பெங்களூருவில் அதற்கு டேகேர் வைக்க வேண்டும், மேலே போட்ட கணக்கில் அது இல்லை. பெரியவர்களுக்கு உடம்புக்கு வந்தால் கிண்டியில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை, 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையம் இரண்டும் அவர்களுக்குப் பக்கம். ஆனால் கூட்டிப்போக ஆள் வேண்டும். வந்தே பாரத்தில் பெங்களூரிலிருந்து சென்னை நாலரை மணி நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சுவலி என்றால் அந்த நாலரை மணி நேரமும் கிடையாது.

இவ்வளவு சொன்னபிறகு பெங்களூருக்குச் சாதகமான ஒரு பெரிய விஷயத்தை மறைத்தால் நான் நியாயமானவன் இல்லை. அங்கே வேலை போனால் அடுத்த வேலை அதே சாலையில் கிடைக்கும். மென்பொருளில் ப்ராடக்ட் கம்பெனிகளும் ஸ்டார்ட்அப்களும் அங்கே இருக்கும் அளவுக்கு இங்கே இல்லை. டைடல் பார்க் 2000-ல் வந்து ஓ.எம்.ஆர். வளர்ந்து, இப்போது பன்னாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள் நிறைய வந்தும்கூட, கம்பெனி மாறி மாறிச் சம்பளத்தை ஏற்றிக்கொள்ளும் வாய்ப்பு பெங்களூருவில்தான் அதிகம். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. அந்த மாதிரி வேலையாக இருந்தால் முதல் இரண்டு வருடம் கையைக் கடித்தாலும் மூன்றாம் வருடம் ஈடுகட்டும். கணக்கு, நிர்வாகம், சப்போர்ட், ஆட்டோமொபைல் என்றால் அந்த ஏற்றம் பெரிதாக இராது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகரை வைத்துக்கொண்டு ஆட்டோமொபைல்காரர் பெங்களூரு போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே எச்.ஆரிடம் 1,40,000 கேளுங்கள். எதற்கு என்று கேட்டால் வாடகை, டெபாசிட் கணக்கைக் காட்டுங்கள், அவர்களுக்கு அது புதிதல்ல. கொடுக்கமாட்டோம் என்றால் ரீலொகேஷன் தொகையாக டெபாசிட் பணத்தையாவது தரச் சொல்லுங்கள், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம், மேனேஜர் மாறினால் போய்விடும்.

அதுவும் படியாமல், வேலை மட்டும் மிகவும் பிடித்திருந்தால், முதல் ஆறு மாதம் நீங்கள் மட்டும் போங்கள். பெல்லந்தூரில் சாப்பாட்டோடு பேயிங் கெஸ்ட் விடுதி (பி.ஜி.) மாதம் 12,000 முதல் 15,000 வரை. நங்கநல்லூர் வீடு, மனைவியின் வேலை, மகளின் பள்ளி எல்லாம் அப்படியே இருக்கும். வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை திரும்பும் வாழ்க்கை சுகமானதல்ல. ஆனால் கம்பெனி எப்படி, அந்தச் சாலை எப்படி என்று சொந்தச் செலவில் சூடுபடாமல் தெரிந்துவிடும். பொங்கல், தீபாவளிக்கு மட்டும் ரயில் முன்பதிவு திறக்கும் அன்றே, 60 நாள் முன்னால், டிக்கெட் போட்டுவிடுங்கள். ஆம்னி பஸ்காரர்கள் பண்டிகை நாளில் கேட்கும் தொகை விமான டிக்கெட்டை எட்டும்.

குடும்பத்தைக் கூட்டிப்போவதென்று முடிவானால் கல்வியாண்டு முடிந்தபிறகு போங்கள். பெங்களூரு தனியார் பள்ளிகள் பலவற்றில் அடுத்த வருடத்துக்கான சேர்க்கை முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும். மே மாதம் இங்கே டி.சி. வாங்கிக்கொண்டு போய் அங்கே பள்ளி தேடினால் மிச்சமிருப்பதில்தான் பொறுக்க வேண்டும். பள்ளியில் இடம் உறுதியான பிறகு அதற்குப் பக்கத்தில் வீடு பாருங்கள், ஆபீசுக்குப் பக்கத்தில் அல்ல. காலை எட்டு மணிக்கு அந்த ஊர்ச் சாலையில் குழந்தையை ஒரு மணி நேரம் வேனில் உட்கார வைப்பதைவிட நீங்கள் நிற்பது மேல்.